கிழக்குச் சுவரின் எலும்பு

கடப்பாரையை வாசலோரம் சாய்த்துவிட்டு, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொத்தனார் அந்தோணிப்பிச்சை தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "என்னால ஆகாதுக்கா. வேற ஆளப் பாத்துக்குங்க."

செய்னம்பு நாச்சியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலையிலிருந்து இரண்டு தடவை தேத்தண்ணீர் குடித்தாயிற்று, வடை தின்றாயிற்று, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாயிற்று. இப்போது ஆகாதாம்.

"அரமணையா கட்டச் சொன்னேன்? ஒரு கதவு. ஆள் நுழையுற மாதிரி ஒரே ஒரு கதவு. அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பாவ்லா?"

"கதவு வைக்கலாம். சுவரத்தான் உடைக்க முடியாது. இது சுவரே இல்லையாம்ல, விலங்காம்ல. பக்கத்து ஊருல ஒருத்தன் சன்னலப் பெருசாக்கப் போயி, மான் சுட்டவன் மாதிரி உள்ள போயிட்டான். எனக்குப் பிள்ளகுட்டி இருக்குக்கா."

அவர் போய்விட்டார். செய்னம்பு கிழக்குச் சுவரைப் பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நின்றாள். வெளிப்புறம் முழுக்கத் தவிட்டு நிறத்தில், கை வைத்தால் லேசாக வழுக்குகிற சுவர். இருபத்திரண்டு வருடமாகக் காலையும் மாலையும் குழாயைப் பிடித்துக் கடல் தண்ணீர் ஊற்றி அவள் வளர்த்த சுவர். "சவமே" என்று அதை வைதாள்.

நல்லபட்டினத்தில் வீடு என்பது பெண்பிள்ளையுடையது. அந்த ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து மாமியார் வீட்டுக்கு அனுப்பி வைக்கிற வழக்கமே கிடையாது. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். உம்மாவின் வீடு மகளுக்கு, மகளின் வீடு அவள் மகளுக்கு. ஆண்பிள்ளைகள் கப்பலுக்கும் கடைக்கும் போவார்கள், வருவார்கள். வீடு மட்டும் பெண் பேரில் அசையாமல் நிற்கும். இரண்டு பெண்கள் இருந்தால் வீட்டை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு தெருவாசல் வைத்துக் கொடுக்க வேண்டும். தனி வாசல் இல்லாதது தனி வீடு ஆகாது. தனி வீடு இல்லாத பெண்ணுக்கு நிக்காஹ் பேச யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

செய்னம்புவின் உம்மா கொடுத்த பழைய வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடற்கரையோரம் சிமெண்டுக் கட்டடம் எதுவும் நிற்காது என்று ஆனபிறகு அரசாங்கம் கொண்டுவந்த ஏற்பாடுதான் வளர்வீடு. கம்பி வலையில் வீட்டின் உருவத்தைக் கட்டி நிறுத்துவார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்த பவளப்பூச்சியை அதில் தடவுவார்கள். கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அது வேகமாக வளர்ந்து கம்பியை மூடி, முழக்கணக்கில் தடித்துச் சுவராகிவிடும். விரிசல் விட்டால் தானே மூடிக்கொள்ளும். உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. வீடு அவள் பேரில்தான் வரவேண்டும் என்று செய்னம்பு ஒற்றைக் காலில் நின்று வாங்கினாள். பெரியவள் சுலைகாவுக்கு மேற்குப் பாதி. அவளும் புருஷனும் பிள்ளையும் அங்கே இருக்கிறார்கள். சின்னவள் மர்ஜானாவுக்குக் கிழக்குப் பாதி. மாப்பிள்ளை ஜவ்ஹர், கொழும்புத் துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியன், நல்ல பையன். பெருநாள் கழிந்து நிக்காஹ். எல்லாம் கூடி வந்தாயிற்று, கிழக்குச் சுவரில் ஒரு கதவைத் தவிர.

அந்தக் கதவைத் தரமாட்டேன் என்று சொல்வதற்காகவே சேலத்துக்காரன் ஒருத்தனை அரசாங்கம் இந்த ஊருக்கு மாற்றியிருந்தது. பெயர் கலைவேந்தன். உயிர்ச்சுவர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் அதிகாரி, விலங்கியல் படித்தவன், முப்பது வயது இருக்கும். நாற்காலி போட்டும் உட்காராமல், சுவரில் ஒரு கருவியை ஒட்ட வைத்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எலும்புக்கூடும்மா" என்றான்.

"எது?"

"இந்தச் சுவர். பவளம்கிறது செடியும் இல்ல, கல்லும் இல்ல. விலங்கு. ஒவ்வொண்ணும் அரிசி அளவுதான் இருக்கும், கோடிக்கணக்குல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். கடல் தண்ணியிலேருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்குக் கீழே கெட்டியா வச்சுக்கும். அதுதான் அதோட எலும்புக்கூடு. கோர்ட்டும் அப்படித்தான் சொல்லியிருக்கு."

"குருவி கூடு கட்டுது, சிலந்தி வல பின்னுது. அதெல்லாம் எலும்பாங்க தம்பி?"

"குருவி கூட்டை விட்டுட்டுப் பறந்துடும். இது அப்படிப் போகாதும்மா. உடம்போட ஒட்டியிருக்கு."

"மாட்டுக்குக் கொம்பு ஒட்டித்தான் இருக்கு. சீவுறோம்ல?"

கலைவேந்தனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாரும் அவனிடம் இதையெல்லாம் கேட்டதில்லை போலிருக்கிறது. "நல்ல கேள்வி. கொம்புக்கு உள்ளே இருக்கற எலும்பு எலும்புக்கூட்டுல சேரும். மேலே இருக்கற உறை நகம் மாதிரி, அது சேராது. அதைச் சீவலாம்."

"பல்லு?"

"பல்லு விஷயத்துல ரெண்டு கட்சி உண்டும்மா. அது எலும்பு இல்ல. ஆனாலும் எலும்புக்கூட்டோட சேர்த்துத்தான் எண்ணுவாங்க."

"ஆம ஓடு?"

"சேரும். அது பெரும்பாலும் விலா எலும்பு, அகலமாகி ஒண்ணாச் சேர்ந்தது."

"நண்டு ஓடு?"

"வெளி எலும்புக்கூடு. அதுவும் சேரும்."

"அப்ப இந்தச் சுவருக்குள்ள இருக்குற நாங்க என்ன, நண்டுச் சதையா?"

உள்ளேயிருந்து மர்ஜானா சிரிக்கிற சத்தம் கேட்டது. செய்னம்புவுக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டை காய்ந்தது.

"சரி, அந்த அரிசி அளவு உசுரு எங்கன இருக்கு? காட்டு பாப்போம்." மரியாதை எப்போது கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"வெளிப்புறத்துல, மேல் தோல்ல. நகத்துக் கனம்தான்."

"அதுக்குப் பின்னாடி இருக்குற முழச் சுவரு?"

"பழைய எலும்பு. உயிர் அதுல இருந்துட்டு மேலே ஏறி வந்துட்டது."

"அப்ப அது செத்துப் போனது."

"செத்ததுன்னு சொல்ல முடியாதும்மா. அது மேலதானே இது உட்கார்ந்திருக்கு?"

"என் தல மேல நீ உக்காந்திருக்க. அதுக்காக என் தல ஒனக்குச் சொந்தமா?"

கலைவேந்தன் அதற்கும் பதில் சொல்ல வாயெடுத்தான். அவள் புருஷன் கபூர், மீன் ஏலக்கடைக் கணக்குப்பிள்ளை, சண்டை என்றால் செருப்பைத் தேடுகிற மனிதர், நடுவில் புகுந்து இளநீரை நீட்டினார்.

இளநீர் குடித்த தெம்பில் அவன் வீட்டுக்குள் வந்தான். எது எலும்புக்கூட்டில் சேரும், எது சேராது என்று குறிக்க வேண்டுமாம். கையில் நீலச் சாயக்கோல். கதவு நிலையைப் பார்த்தான். மரத்தைச் சுற்றிப் பவளம் ஏறியிருந்தது. எடுத்தால் காயமாகும், ஆகவே சேரும். நீலக்கோடு. தொட்டில் கட்டுகிற கொக்கி சேரும். மின்சாரப் பெட்டியின் பின்பக்கம் சேரும், முன்பக்கம் சேராது. ஜவ்ஹர் வீட்டார் உட்கார்ந்து பெண் பேசிய சுவரோரக் கட்டிலின் ஒரு கால் சேரும், மற்ற மூன்றும் சேராது. கொல்லையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த அம்மிக்கல்லின் மேல் பவளம் படர்ந்து பாதியை மூடியிருந்தது.

"அம்மி?" என்றாள் செய்னம்பு. குரல் இறங்கியிருந்தது. அவள் குரல் இறங்கினால் வீட்டில் எல்லோரும் எச்சரிக்கையாகிவிடுவார்கள்.

கலைவேந்தன் நீலக்கோடு போட்டான். "சேரும்மா."

"அம்மிக்கல்லு எலும்பா?"

"எலும்பு இல்லம்மா. ஆனா எலும்புக்கூட்டுல சேரும். மூட்டுக்கு உலோகம் வச்சவங்களுக்கு அந்த உலோகத்தையும் சேர்த்துத்தானே சொல்லுவோம்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

கபூர் அன்று சாயங்காலம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "விட்ரு செய்னம்பு. மேலிடத்துல கேட்டா, இல்லன்னுதான் வரும். மாப்பிள்ள வீட்டுல நான் பேசுறேன். பொது வாசலே இருக்கட்டும்னு..."

"பேசி? எம்மவ அக்கா வாசல்ல நுழைஞ்சு அக்கா வீட்டக் கடந்து தன் வீட்டுக்குப் போகணுமா? நான் இருக்குறப்பவா?"

எழுதிப் போட்டாள். கலைவேந்தனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவன் கையாலேயே எழுத வைத்தாள். அதில் ஒன்றும் மறைக்கவில்லை, மறைக்க அவளுக்குத் தெரியாது. இது என் பேரில் உள்ள வீடு, மேற்குப் பாதியைப் பெரிய மகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன், கிழக்குப் பாதியைச் சின்ன மகளுக்குக் கொடுக்கப் போகிறேன், எங்கள் ஊரில் எல்லா வீடும் இப்படித்தான் தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது, யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். நல்லபட்டினத்துப் பெண் எவளானாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவர்களுக்குப் பெருமை என்று இருந்ததே அது ஒன்றுதான்.

பதில் வந்தது. கதவுக்கு அனுமதி இல்லை. அது எதிர்பார்த்ததுதான். அடுத்த பத்திதான் ஊரையே புரட்டிப் போட்டது. வளர்வீட்டின் சுவர் பாதுகாக்கப்பட்ட விலங்கின் எலும்புக்கூடு. எலும்புக்கூட்டை விற்கவோ கொடுக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. யானைத் தந்தத்தை மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க முடியாதல்லவா, அதுபோல. ஆகவே நல்லபட்டினத்தில் இதுவரை தாய் மகளுக்குக் கொடுத்த வளர்வீடுகள் ஒன்றும் கொடுத்ததாக ஆகாது.

தெருவே வாசலில் வந்து நின்றது.

"ஒன்ன யாரு எங்க வீட்டப் பத்தி எழுதச் சொன்னா?" என்றாள் எதிர்வீட்டு மைமூன். "எம்மவளுக்குக் கொடுத்து ஆறு வருசமாச்சு. இப்ப அவ புருசன் கேக்குறான், வீடு யாரு வீடுன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"ஒரு கதவுக்கு ஆசப்பட்டு ஊரு வீட்டையெல்லாம் தூக்கிக் கொடுத்துட்டியே, படுபாவி!"

சொந்த மகள் சுலைகா மூன்று நாள் பேசவில்லை. நான்காவது நாள் பேசியது இன்னும் மோசம். "மர்ஜானாவுக்கு ஒரு வாசல் வேணும்னு என் வீட்ட இல்லாம ஆக்கிட்டீகளே உம்மா. ஒங்களுக்கு எப்பவும் அவதான்."

மாப்பிள்ளையின் உம்மா பரக்கத்து நாச்சியா வந்தாள். திட்டவில்லை. தட்டில் வைத்த பலகாரத்தைத் தொடாமல், "பெருநாளுக்குப் பொறவு பாக்கலாம்" என்றாள். எந்தப் பெருநாள் என்று சொல்லவில்லை. செய்னம்பு அடுப்படியில் போய் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோபத்தில்தான் அழுதாள், ஆனாலும் அழுதாள்.

கலைவேந்தன் மறுபடி வந்தபோது தாடி வளர்ந்திருந்தது. அவனைப் பார்த்ததும் செய்னம்பு விளக்குமாற்றைத் தேடினாள். மர்ஜானாதான் நடுவில் வந்து நின்றாள்.

"ஒரு வழி இருக்கும்மா" என்றான், வாசலுக்கு வெளியிலேயே நின்றபடி. "நான் தூங்காம யோசிச்சேன். கடல்ல ஒரு சிப்பி இருக்கு. பவளத்தைத் துளைச்சுக்கிட்டு உள்ளே போய்க் குடியிருக்கும். அது துளைக்கறது குற்றம் இல்ல. அது அதோட இயல்பு. எலும்புக்கூட்டுல சேராது, ஆனா அந்த எலும்புக்கூட்டுல வாழற உயிர். அதையும் சட்டம் காப்பாத்துது."

"அதுக்கு?"

"உங்களை அப்படிப் பதிவு பண்ணிக்கலாம்."

சுலைகாவின் பிள்ளை எதற்கோ சிணுங்கியது.

"எங்கள நீ சிப்பிங்கிற."

"சிப்பின்னு எழுதமாட்டாங்கம்மா. உடன்வாழ் உயிர்னு எழுதுவாங்க. தண்ணி ஊத்தறீங்க, சுவர் வளருது. சுவர் உங்களுக்கு நிழல் தருது. ஒருத்தரை ஒருத்தர் நம்பி இருக்கீங்க. உடன்வாழ் உயிர் தனக்குத் தேவையான வழியைத் தானே துளைச்சுக்கலாம். அப்புறம் இன்னொண்ணு." அவன் கொஞ்சம் துணிந்து ஒரு படி ஏறினான். "உங்க ஊர் வழக்கம். பொண்ணுங்க பிறந்த இடத்துலயே இருப்பாங்க, ஆம்பளைங்க வெளியிலேருந்து வருவாங்க. இது விலங்குகள்ல ரொம்பத் தெரிஞ்ச விஷயம்மா. யானைக்கூட்டம் அப்படித்தான். அதை உங்க இயல்புன்னு நான் எழுதிட்டா, யாரும் கலைக்க முடியாது. சொத்தாக் கொடுக்க முடியாத வீடு, இயல்பாவே மகளுக்குப் போகும். மகளோட மகளுக்கும் போகும். எந்தக் கோர்ட்டும் கேட்காது."

செய்னம்புவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐந்து வேளை தொழுகிறவளை, ஊரில் நாலு பேர் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறவளை, சிப்பிக் கணக்கில் எழுதுகிறானாம். ஆனால் மகளின் மகளுக்கும் என்று அவன் சொன்னது காதிலேயே நின்றது. இத்தனை நாளில் அரசாங்கத்து ஆள் ஒருவன் அதைத் தன் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

"பேரு என்னவா இருந்தா என்ன உம்மா?" என்றாள் மர்ஜானா. "கதவு வந்தாச் சரி."

"ஒனக்கு நிக்காஹ் ஆகணும்னு அவசரம்."

"ஆமா, இருக்கு. ஒங்களுக்கு இல்லையா?"

செய்னம்பு கைரேகை வைத்தாள். சுலைகா முகத்தைத் திருப்பிக்கொண்டே வைத்தாள், மர்ஜானா சிரித்துக்கொண்டே வைத்தாள். அடுத்த நாள் மைமூன் தன் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த வாரத்திற்குள் தெரு முழுக்க வைத்துவிட்டது.

கதவு வந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். உடன்வாழ் உயிர்தான் துளைக்கலாம், மற்றவர் துளைத்தால் பழையபடி மான் சுட்ட குற்றம். அந்தோணிப்பிச்சை தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எளக்கிப் பிடிங்கக்கா, உளிய நிமித்துங்க, ஐயையோ அப்படி இல்ல" என்று கத்திக்கொண்டிருக்க, உம்மாவும் இரண்டு பெண்களும் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரைக் குடைந்தார்கள். வெள்ளைத் தூள் பறந்தது. சுலைகாவின் கைக் கொப்புளம் உடைந்தது. செய்னம்புவின் கட்டைவிரலில் சுத்தியல் விழுந்து, அவள் சொன்ன வார்த்தையைக் கேட்டு கபூர் உள்ளே போய்விட்டார். உதவிக்கு ஒரு கை கொடுக்கலாம் என்றால் அவருக்கு அனுமதி இல்லை, அவர் வெளியிலிருந்து வந்தவர். வாரக்கணக்கில் குடைந்தார்கள். ஒரு சாயங்காலம் உளி அந்தப் பக்கம் போய்த் தெரு வெளிச்சம் உள்ளே வந்தபோது சுலைகா தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாள் மனஸ்தாபம் அதோடு போயிற்று.

பரக்கத்து நாச்சியா வந்து கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துவிட்டு, இந்தத் தடவை பலகாரம் தின்றாள். நிக்காஹ் நடந்தது. ஜவ்ஹர் புதுக்கதவு வழியாக உள்ளே வந்தான். செய்னம்பு அன்றைக்கு எத்தனை பேரிடம், "இது எம்மவ வாசல்" என்று காட்டினாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஜவ்ஹர் இரண்டு மாதம் இருந்துவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குத் திரும்பினான். ஊரில் எல்லா மாப்பிள்ளைகளும் அப்படித்தான். ஆனால் மழைக்காலம் தொடங்கியபோது அங்கிருந்து போன் வந்தது. கப்பலின் அடித்தட்டில் விழுந்துவிட்டானாம். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு, இடுப்பிலும் அடி. அறுவை முடிந்திருக்கிறது, கூட ஆள் இல்லை. பரக்கத்து நாச்சியா மூட்டுவலி முற்றிப் படுத்துவிட்டாள், அவன் தம்பியும் சுலைகாவின் புருஷனும் எங்கோ நடுக்கடலில் இருந்தார்கள், கபூர் போனாலும் படுத்தவனைத் தூக்கித் துடைக்க அவரால் ஆகாது. மர்ஜானா அழவில்லை. பையை எடுத்தாள், துணி வைத்தாள், முதல் ஆட்டோவைப் பிடித்துக் கப்பல்துறைக்குப் போனாள்.

மத்தியானத்துக்குள் அதே ஆட்டோவில் திரும்பி வந்தாள்.

"விடமாட்டேங்கிறாக உம்மா." பையை இறக்காமலே பேசினாள். "கைரேகை வச்சதும் செவப்பு லைட்டு எரியுது. நான் பாதுகாக்கப்பட்ட உயிராம். வாழிடத்த விட்டு வெளிய கொண்டுபோக அனுமதி வேணுமாம். எம் முன்னாடிதான் மைமூன் மாமி மருமகன் போறாரு. அவரு போகலாமாம்."

செய்னம்பு கலைவேந்தனுக்குப் போன் போட்டுக் கத்திய கத்தலில் அவன் அரைமணி நேரத்தில் வந்து நின்றான். இந்தத் தடவை அவனே வந்து உட்கார்ந்தான்.

"பொண்ணுங்க பிறந்த இடத்தை விட்டுப் போகமாட்டாங்க. ஆண்கள் வந்து போவாங்க. அதுதான் இயல்புன்னு பதிவாகியிருக்கும்மா. ஒரு உயிரை அதோட இயல்புக்கு மாறா வாழிடத்தை விட்டு எடுத்துட்டுப் போக..."

"யாரு எழுதுனது, எம்மவ போகமாட்டான்னு?"

"நான்தான்மா."

அவள் அவனை அடித்திருப்பாள். கையைக்கூட ஓங்கினாள். ஆனால் அவன் தலையைக் குனிந்து அதற்குத் தயாராக இருந்ததைப் பார்த்ததும் கை தானாகவே கீழே வந்தது. அவன் மட்டுமா எழுதினான்? வீடு பெண்ணுடையது, பெண் வீட்டில் இருப்பாள், எங்கள் வழக்கம் இது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது யார்? செய்னம்பு இந்த வயதுக்கு இராமநாதபுரத்தைத் தாண்டிப் போனதில்லை. போகவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அதனால் போகமுடியாது என்பது ஒரு தடவைகூட அவள் மேல் இடித்ததில்லை. இப்போது இடித்தது. தன் மேலேயே அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

"அனுமதி எப்ப வரும்?" என்று மர்ஜானா கேட்டாள்.

"மேலே அனுப்பணும். இதுக்கு முன்னாடி மனுஷங்களுக்கு யாரும் கேட்டதில்ல. யானையை இடம் மாத்தவே ஆறு மாசத்துக்கு மேல ஆகுது."

"அவரு அங்க ஒத்தையில கெடக்காரு."

"தெரியும்மா."

"தண்ணி குடிக்கக்கூட ஆளக் கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்காரு!" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

செய்னம்பு சொன்னாள்: "பேர எடுத்துரு. இவ பேர எடுத்துரு, போகட்டும்."

"பிறந்து சேர்ந்த பேரை எடுக்க முடியாதும்மா. அம்மிக்கல்லு மாதிரிதான், ஒரு தடவை சேர்ந்ததுன்னா சேர்ந்ததுதான். தப்பாச் சேர்த்துட்டோம்னு வந்தா மட்டும்..." அவன் நிறுத்தினான்.

"சொல்லித் தொல."

"இவங்க இந்த வீட்டுல பிறந்தவங்களே இல்ல, இந்தத் தாய்வழி இல்லன்னு வீட்டுப் பெரியவங்க சொல்லணும். சொன்னா இன்னைக்கே எடுத்துடலாம், சாயங்காலக் கப்பலுக்கே போகலாம். ஆனா அப்புறம் இந்த வீட்டுல இவங்களுக்கு ஒண்ணும் கிடையாதும்மா. இவங்களுக்குப் பொறக்கற பொண்ணுக்கும் கிடையாது. திரும்பி வந்தா விருந்தாளியாத்தான் வரலாம். மாத்தவும் முடியாது."

"வேண்டாம்" என்றாள் மர்ஜானா உடனே. "வேண்டாம் உம்மா. சொல்லாதீக. நான் வேற வழி பாக்குறேன்."

"என்ன வழி பாப்ப? நீந்திப் போவியா?"

நீ என் வயிற்றில் பிறந்தவளா என்று செய்னம்பு இந்த மகளைக் கேட்காத நாள் கிடையாது. மீன் கருகினால் கேட்பாள், போனை வைக்காமல் பேசினால் கேட்பாள், பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைந்ததற்குத் தெருவே கேட்க ஒரு தடவை கேட்டிருக்கிறாள். எம்மவளே இல்ல, போ, என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் நாக்கு நுனியில் வருகிற பேச்சு. இப்போது அதே வார்த்தை தொண்டையைத் தாண்டி வருவேனா என்றது. புதுக்கதவு திறந்திருந்தது. தெருவில் ஆட்டோக்காரன் என்ஜினை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தான்.

"எழுதிக்க" என்றாள். "இவ எம்மவ இல்ல."

கலைவேந்தனின் விரல் நகரவில்லை. சுலைகா வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றாள். மர்ஜானா வந்து உம்மாவின் கையைப் பிடித்தாள். செய்னம்பு அதை உதறினாள். பிடித்த கையை இன்னும் கொஞ்சம் வைத்திருந்தால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு விடுவோம் என்ற பயத்தில் உதறினாள்.

"என்ன முழிச்சுக்கிட்டு இருக்க? நான் பெக்கல. இந்த வீட்டுல பொறக்கல. எங்க வீட்டுப் புள்ள இல்ல. போதுமா? இன்னும் என்ன சொல்லணும், சொல்லு, அதையும் சொல்றேன்." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சீக்கிரம் எழுது தம்பி. கப்பல் போயிரும்."